மேலச்செவலூருக்கு மஞ்சள் அட்டை

ரத்தம் வேண்டும் என்று கேட்டால் மேலச்செவலூர்க்காரர்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். சர்க்கரைக்கோ மலேரியாவுக்கோ ரத்ததான முகாமுக்கோ, எதற்குக் கேட்டாலும் விரலை நீட்டுவார்கள். "போன தடவை இதுல குத்துனீக, இப்ப அடுத்ததுல குத்துங்க" என்று நர்சுக்கே வழி சொல்லித் தருவார்கள். ஆனால் எச்சில் கேட்டால் நடக்காது. எச்சில் ஒருவர் இன்னொருவர் கையில் கொடுக்கிற பொருளே கிடையாது. இந்தச் சின்ன விஷயம் டெல்லியில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதால் வந்த வினை இது.

சண்முகக்கனிக்குத் தெரிந்திருந்தது. மேலச்செவலூர் துணை சுகாதார நிலையத்தில் அவள் இருபத்தாறு வருடமாக நர்ஸ். அந்தச் சுற்றில் உள்ள ஐந்து ஊர்களிலும் வாலிப வயதில் யார் வாலாட்டினாலும், "ஒனக்கு மொத ஊசி போட்டது நாந்தாம்ல" என்று சொல்லி அடக்கிவிடக் கூடியவள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டம் வந்தது. உலகத்துக்கெல்லாம் மலிவாக மாத்திரை செய்து கொடுப்பது நாம், புது மருந்தைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்குவது வேறு யாரோ. அவர்கள் தங்கள் ஆட்களின் மரபணுவைப் பார்த்து மருந்து செய்கிறார்கள், நாம் அதை நகலெடுத்து விழுங்குகிறோம். இனிமேல் நம் மரபணு, நம் மருந்து என்றது அரசு. ஒன்றரை லட்சம் துணை நிலையங்கள், ஒவ்வொன்றிலும் நானூறு பேர், ஆக ஆறு கோடிப் பேரின் எச்சில் பதினைந்தே நாளில் தேசிய மரபணுப் பெட்டகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போட்டி நாடு ஐந்து கோடியைத் தாண்டிவிட்டதாம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றும்போது நாம் முந்தியிருக்க வேண்டுமாம்.

முகாம் தொடங்குமுன்பே சண்முகக்கனி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'எங்கள் சுற்றில் மக்கள் எச்சில் தர மாட்டார்கள். ரத்தம் தருவார்கள். விரலில் ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் ஒற்றி அனுப்ப அனுமதி வேண்டும்.' பதில் வரவில்லை. நானூறு பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன.

ஊருக்குள் போனதும் அவள் நினைத்தபடியே ஆயிற்று. பஞ்சாயத்துத் துணைத் தலைவரின் அம்மா, "நாந் துப்புனத நீ கையில வாங்குவியா? எனக்குல்லா பாவம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். நடுத்தெருவில் ஒரு பெரியவர் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடி, நகம், எச்சி, இது மூணும் அடுத்தவன் கைக்குப் போவக் கூடாதும்மா. எவன் என்னத்த வச்சு விடுவானோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சிலர் விரதம் என்றார்கள், சிலர் வாய் காய்ந்து கிடக்கிறது என்றார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்கள் மாமியார் எதிரே துப்ப வெட்கப்பட்டு அடுப்படிக்குள் ஓடினார்கள். கெஞ்சியும் மிரட்டியும் பதினோரு நாளில் நூற்று எண்பத்தேழு குழாய்கள் நிரம்பின.

தினமும் மதியம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வீடியோ கூட்டம். திரையில் மாவட்டப் படம் பச்சைப் பசேலென்று இருக்கும், நடுவில் மேலச்செவலூர் மட்டும் சிவப்பாக. "ஒரு நர்சால நாடு தோக்கணுமா?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அவள் தடுப்பூசிப் பெட்டி வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மடியில் ஒரு டப்பா உப்பு நாரத்தங்காய். ஒரு துண்டை நாக்கில் வைத்ததும் வாய் ஊறியது. முதல் குழாயில் துப்பும்போது கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பத்தாவதில் பார்க்கவில்லை. நாரத்தங்காய் தீர்ந்ததும் வீட்டுக்கு ஓடிப் புளி எடுத்துக்கொண்டு வந்தாள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து ஆணும் பெண்ணுமாகப் பெயர் எழுதி ஒட்டினாள். நாலு நாளில் இருநூற்றுப் பதின்மூன்று குழாய்கள். நாக்கு புண்ணாகி ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எச்சில் எச்சில்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தாள். அடுத்து வந்த குடியரசு தினத்தில் கலெக்டர் கையால் சிறந்த சேகரிப்பாளர் என்று சான்றிதழும் ஒரு கிரைண்டரும் கிடைத்தன. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிலையத்துச் சுவரில் ஏறியது. கிரைண்டர் வீட்டுக்குப் போனது.

*

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாரித்தங்கம் வந்தாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. சண்முகக்கனி துணியைப் பிரித்தாள். தோல் கொப்பளித்து உரிந்திருந்தது.

"என்னட்டி இது?"

"பாகு நர்சம்மா. கம்பெனியில கொப்பரைப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். கண்ணு முழிச்சுப் பாத்தா தரையில கெடக்கேன், கை எரியுது. கூட நின்னவ இழுத்துப் போடலன்னா மூஞ்சியே போயிருக்கும்."

மாரித்தங்கத்துக்கு இருபத்தேழு வயது. கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு கிண்டுகிற வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு என்றாலும், பழைய மாத்திரையில் ஆறு வருடமாக ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்த தைரியத்தில்தான் கொப்பரைப் பக்கம் வேலைக்கே போனாள். போன வருடம் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு அரசு புது மாத்திரையைக் கொண்டுவந்தது. 'சாந்தம்' என்று பெயர். முழுக்க முழுக்க உள்நாட்டுக் கண்டுபிடிப்பு. ஊருக்கு ஏற்ற அளவில், மூன்று நிற அட்டைகளில் வரும். பச்சை அட்டை முழு அளவு, நீலம் முக்கால், மஞ்சள் அரை. மேலச்செவலூருக்கு மஞ்சள்.

"மாத்திரைய ஒழுங்காப் போடுதியா?"

"உங்க மேல சத்தியமாப் போடுதேன். மாசத்துக்கு மூணு தடவ வந்துருது நர்சம்மா. மொதலாளி இனிமே வர வேண்டாம்னுட்டாரு. அதுகூடப் பரவால்ல. வீட்டுல பிள்ளையத் தூக்க விட மாட்டேங்காக. எங்க போட்டுருவனோன்னு."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை அவளுக்கு.

சண்முகக்கனி புண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். அவள் சுற்றில் வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேருக்குப் புது மாத்திரை வந்தபிறகு வலிப்பு கூடியிருந்தது. அவள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் நெல்சன் துரைராஜ் நல்ல மனிதர். பாவம், கம்ப்யூட்டருக்குப் பயந்தவர்.

"சிஸ்டர், நான் என்ன பண்ண முடியும்? மேலச்செவலூர்னு அடிச்சா மஞ்சள்தான் வருது. பச்சை எழுதினா சிஸ்டம் வாங்காது. நோயாளி மாத்திரையைச் சரியாச் சாப்பிடலன்னு எழுதிட்டு விடுங்க."

"அவ சாப்பிடுதா சார். நம்ம ஊருக்கு மஞ்சள்னு எத வச்சு சார் முடிவு பண்ணாக?"

அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். விளக்கம் சொல்வதென்றால் அவருக்குப் பிடிக்கும். "ஒவ்வொருத்தர் உடம்பும் மருந்தை ஒவ்வொரு வேகத்துல கரைக்கும் சிஸ்டர். சீக்கிரம் கரைக்கிறவனுக்கு முழு அளவு குடுக்கணும். மெதுவாக் கரைக்கிறவனுக்குப் பாதி போதும், முழுசாக் குடுத்தா தலை சுத்தி விழுந்துருவான். ஆள் ஆளுக்குத் தனியாப் பாத்தா செலவு, காலம். போட்டியில நிக்கிற நாடு அப்படிப் பாக்க முடியுமா? அதனால ஊர் ஊராப் பாத்தாங்க. ஒரு நிலையத்தோட நானூறு குழாயையும் ஒரே பாத்திரத்துல ஊத்தி ஒரே தடவையாப் படிச்சுருவாங்க. ரசம் மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஒரு கரண்டி எடுத்து வாயில விட்டா உப்பு எப்படின்னு தெரிஞ்சுரும்ல?"

"எந்த நானூறு குழாய் சார்?"

"நீங்க எடுத்த எச்சில்தான் சிஸ்டர். கிரைண்டர்கூட வாங்கினீங்களே." அவர் சிரித்தார். "உங்க ஊர் ரசத்துல பாதிக்கு மேல மெதுவாக் கரைக்கிற ஆளுங்க. மாவட்டத்துலயே வேற எங்கயும் இப்படி இல்ல. அபூர்வம்."

சண்முகக்கனி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்கு மேல். நானூறில் இருநூற்றுப் பதின்மூன்று.

"யார் யாருன்னு பிரிச்சுப் பாக்க முடியுமா சார்?"

"முடியாது, கூடவும் கூடாது. அந்தரங்கம் காக்கணும்னுதான் சட்டமே. நீங்க ஏன் சிஸ்டர் இப்படி வேர்க்குறீங்க? தண்ணி குடிங்க. டிசம்பர்ல பதினாலு நாடு இந்த முறையை நம்மகிட்ட வாங்கக் கையெழுத்துப் போடுது. பெருமைப்பட வேண்டிய விஷயம்."

*

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒன்றும் கண்ணில் படவில்லை. மாரித்தங்கத்தின் உரிந்த கைதான் முன்னால் நின்றது. தன் உடம்புக்கு ஏற்ற அளவை ஊரே தின்றுகொண்டிருக்கிறது. தன் வாயில் ஊறிய எச்சில் போய், ஒரு பெண்ணை அவள் பெற்ற பிள்ளையையே தூக்க விடாமல் செய்திருக்கிறது.

யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதுதான் அவளை ரொம்பப் படுத்தியது. கண்டுபிடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நாலு வருடம் ஓட்டினால் மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள். சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும், பொய்ப் பெயர் எழுதி ஒட்டியதற்கு ஜெயிலே கிடைத்தாலும் கிடைக்கும். மாரித்தங்கத்துக்கு மட்டும் ரகசியமாக இரண்டு மாத்திரையாகக் கொடுக்கலாமா என்றும் யோசித்தாள். ஒவ்வொரு அட்டையும் கைரேகை வைத்து எண்ணிக் கொடுப்பது. ஒருத்திக்குக் கூட்டினால் இன்னொருத்திக்குக் குறையும்.

நிலையத்துக்கு வந்து கதவைத் திறந்தாள். எதிர்ச் சுவரில் சான்றிதழ். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர் அச்சாகியிருந்தது. 'மாதிரிகள் குறித்த ஐயங்களுக்கு.' மூன்று வருடமாக அதை அவள் படித்ததே இல்லை. நாற்காலியைப் போட்டு ஏறி நின்று நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஏதாவது மெஷின் பேசும், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும், வைத்துவிடலாம் என்று ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது.

"தேசிய மரபணுப் பெட்டகம், தரக் கட்டுப்பாடு. டாக்டர் ஷாஜிதா பேசறேன்" என்றது ஒரு பெண் குரல்.

"மேடம், நான் மேலச்செவலூர் நர்ஸ் பேசுதேன். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." அவள் நாற்காலி மேலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நாரத்தங்காய், புளி உட்பட.

"எத்தனை குழாய்?" என்று கேட்டது குரல்.

"இருநூத்திப் பதிமூணு."

"அங்கயே இருங்க. நாளைக்குக் காலைல நான் வர்றேன்."

*

ஷாஜிதாவுக்கு நாற்பது வயது இருக்கும். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்திறங்கி, தலையில் போட்டிருந்த துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு கர்ப்பிணிப் பெண்கள் போகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அமுக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள் சண்முகக்கனி. நாட்டின் பெயர், பதினாலு நாடு, டிசம்பர். அமுக்கிவிட்டால் மாரித்தங்கம் வாழ்நாளெல்லாம் மஞ்சள் அட்டைதான். வேலை போவதைவிட அது பெரிய பயமாக இருந்தது, அவளுக்கே ஆச்சரியமாக.

"இல்ல மேடம். ஆனா நீங்க மூடி மறைக்கச் சொன்னா நான் சொல்லத்தான் செய்வேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லுவேன்."

ஷாஜிதா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து சண்முகக்கனி தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒன்றரை வருஷமா உங்க போனுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்கா?"

"யாராவது ஒருத்தருக்கு. இங்க பாருங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மேலச்செவலூர்ப் பட்டியல்ல நீங்க எழுதின ஆண்கள் நூத்தித் தொண்ணூத்தெட்டு பேர். ஆளைப் பிரிக்க முடியாதே தவிர, ரசத்துல எவ்வளவு ஆம்பளை எவ்வளவு பொம்பளைன்னு தெரியும். ஆணுக்கு மட்டும் இருக்கிற ஒரு துண்டு மரபணு இருக்கு, அதை அளந்தா போதும். அளந்தேன். உங்க பாத்திரத்துல இருக்கிற ஆண்கள் அறுபத்திரண்டு பேர்தான். மிச்ச ஆம்பளைங்க எங்க போனாங்க?"

சண்முகக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க ஊர் மட்டும்னா நான் விட்டிருப்பேன். நாற்பதாயிரத்துச் சொச்சம் நிலையத்துல இதே கதை. ஆம்பளைங்க காணோம். ஒரே ஒரு பொம்பளையோட சத்தம் மட்டும் பெருசாக் கேக்குது."

"நாப்பதாயிரமா!"

"நம்ம நாட்டோட மரபணுன்னு இரும்புக் கதவு போட்டு, துப்பாக்கிக் காவல் போட்டு, வெளிநாட்டுக்காரன் கண்ணு படாம நாங்க காப்பாத்துறதுல, கால்வாசி நிலையத்துக் குழாய் பாதிக்குப் பாதி உங்களை மாதிரி நர்சுங்களோட எச்சில். நான் அறிக்கை எழுதினேன். கணக்குல பிழைன்னாங்க. மறுபடி எழுதினேன். மென்பொருள் சரி பண்ணிடும், கையெழுத்து முடியற வரைக்கும் பேசாம இருங்கன்னாங்க. கணக்கு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஒரு ஆள் வந்து நான்தான் துப்பினேன்னு சொன்னா நம்பித்தான் ஆகணும்."

சண்முகக்கனியும் சிரித்துவிட்டாள். நேற்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்தது. இந்தப் பரந்த தேசத்தில் நாற்பதாயிரம் பெண்கள் நாற்பதாயிரம் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு புளி சப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"மேடம், சொன்னா எனக்கு வேலை போகுமா?"

"தெரியாது. எனக்கும் போகலாம்."

சண்முகக்கனி மேஜையைத் திறந்து பேனாவை எடுத்தாள். "எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

*

விசாரணை சென்னையில், குளிர்ப்பதன அறையில் நடந்தது. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் டெல்லியிலிருந்து வந்த இணைச் செயலாளர் வைத்தியநாதன். அவருக்குக் கோபம் என்பதைவிட வலி என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வருட உழைப்பு, அவர் மேஜையில் பிறந்த திட்டம்.

"நீங்க பண்ணினது என்னன்னு புரியறதாம்மா? நாம எப்பவும் அடுத்தவன் கண்டுபிடிச்சதைக் காப்பி அடிக்கிறவான்னு உலகம் சொல்லிண்டிருக்கு. முதல் தடவையா நாம முன்னாடி போனோம். இப்போ கையெழுத்தை நிறுத்தினா எத்தனை வருஷம் பின்னாடி போவோம் தெரியுமா?"

சண்முகக்கனி எழுந்து நின்றாள். "தப்புதான் ஐயா. நான் பண்ணுனது பெரிய தப்பு. எங்க ஊர்ல ஒரு பொண்ணு கை வெந்து கிடக்கா, அதுக்கு நாந்தான் காரணம். என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கிடுதேன். ஆனா ஐயா, ரத்தம் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. எச்சிதான் வேணும்னுட்டீங்க. நான் அப்பவே லெட்டர் போட்டேன்."

"எந்த லெட்டர்?"

ஷாஜிதா கோப்பிலிருந்து அதை எடுத்து மேஜையில் வைத்தார். முந்தின வாரம் முழுக்க அலைந்து அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்தது. கடிதத்தின் மூலையில் ஊதா நிற முத்திரை இருந்தது. 'பார்வையிடப்பட்டது.' பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து.

வைத்தியநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாலே வரிதான், இருந்தும் ரொம்ப நேரம் படித்தார். அந்தச் சின்னக் கையெழுத்தை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "இந்த மாதிரி லெட்டர் வேற எத்தனை வந்தது?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் தேடினதுல பதினோராயிரம் சார்" என்றார் ஷாஜிதா.

அன்று மாலையே ஊர் அளவுத் திட்டம் நிறுத்தப்பட்டது. எல்லா நிலையங்களுக்கும் பழைய மாத்திரையே போனது. புது மாத்திரை வேண்டுமானால் ஆளுக்கு ஆள் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. டிசம்பர் கையெழுத்து தள்ளிப்போனது. பத்திரிகைகள் ஒரு வாரம் கிழித்தன. நாடே தலைகுனிந்துவிட்டதாக டிவியில் கத்தினார்கள்.

மூன்றாவது வாரம் போட்டி நாட்டிலிருந்து ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. 'தொழில்நுட்பக் காரணங்களால்' தங்கள் ஐந்து கோடி மாதிரிகளையும் திரும்ப எடுக்கப் போகிறார்களாம். அதைப் படித்த அன்று வைத்தியநாதன் பல நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார் என்று ஷாஜிதா போனில் சொன்னார். நர்சுகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

சண்முகக்கனிக்கு வேலை போகவில்லை. நாற்பதாயிரம் பேரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? யாரெல்லாம் தாங்களாக முன்வந்து சொல்கிறார்களோ அவர்களுக்குக் கண்டனக் கடிதத்தோடு சரி என்று முடிவு செய்தார்கள். ஷாஜிதாவின் போன் ஒரு மாதம் ஓயாமல் அடித்தது. சான்றிதழைத் திருப்பி அனுப்பும்படி சண்முகக்கனிக்கு உத்தரவு வந்தது. கிரைண்டரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

*

விரல் குத்தும் முகாம் தைப்பொங்கல் கழிந்து நடந்தது. வரிசை தபாலாபீஸ் வரைக்கும் நின்றது. துணைத் தலைவரின் அம்மா முதல் ஆளாக விரலை நீட்டிக்கொண்டு, "இதக் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனே" என்றாள். ஒன்றரை நாளில் நானூறு முடிந்து, எங்களையும் எடு என்று நின்றவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

முடிவுகள் ஒரு மாதத்தில் வந்தன. அன்று மத்தியானம் மாரித்தங்கம் வந்தாள். கையில் தழும்பு சிவந்து கிடந்தது. பழைய மாத்திரைக்குத் திரும்பியதிலிருந்து வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். சண்முகக்கனி முடிவுத் தாளைப் புரட்டினாள்.

"ஒனக்குப் பச்சை" என்றாள். "ஊருல முக்காவாசிப் பேருக்குப் பச்சை. மிச்சம் நீலம். மஞ்சள் ஒரே ஆளுக்குத்தான்."

"யாருக்கு?"

ஏழு அதிகாரிகள் முன்னால் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. பத்திரிகைகளில் பெயர் போடவில்லை. ஊருக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே விட்டிருக்கலாம்.

"உக்காரு தாயி. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். சொல்லி முடித்தபோது மாரித்தங்கம் தன் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மேஜையில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை இழுத்தது.

"ஏன் நர்சம்மா, எங்ககிட்ட வந்து கேட்டிருந்தா நாங்க துப்பியிருக்க மாட்டமா?"

"ஒங்கிட்டயும் வந்தேன். ஆடி வெள்ளி, விரதம்னுட்ட."

மாரித்தங்கம் யோசித்தாள். "ஆமா, சொன்னேன்" என்றாள். பிறகு மெதுவாக, "அன்னைக்குச் செவ்வாக்கெழம" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மாரித்தங்கத்துக்குத்தான் சிரிப்பு வந்தது.

"அப்ப ஒரு வருசமா ஊரே ஒங்க எச்சியத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கு."

சண்முகக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிரு தாயி" என்றாள்.

மாரித்தங்கம் மடியைத் துழாவினாள். அவளைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்களாம், கொப்பரைப் பக்கம் இல்லை, பொட்டலம் கட்டுகிற இடத்தில். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு கடலைமிட்டாயை மடியிலிருந்து எடுத்தாள். ஒரு துண்டுதான் இருந்தது. பாதி கொடுப்பதற்காக எச்சில் படாமல் முந்தானையில் சுற்றி, காக்காக் கடி கடிக்க வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். முந்தானையைப் பிரித்து மிட்டாயை வெளியே எடுத்தாள்.

"இனிமே என்ன கிடக்கு" என்று சொல்லி, நேராகப் பல்லால் கடித்து, மிச்சப் பாதியை நீட்டினாள்.

சண்முகக்கனி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.